உயிர்ச் சுவடி

பண்டைத் தமிழ் நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றவை. ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. செல்லும் பூச்சியும் அதனை அரிக்கும். ஈரம் படின் நைந்துபோகும். மிகக் காய்ந்தால் ஒடியும். எனினும், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பாடல்கள் இன்றும் கற்கப்படுகின்றன. இதற்குக் காரணம் யாது? ஓர் ஏடு அழியுமுன்னரே அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்பட்டமையே காரணமாகும். வழிவழியாகப் படியெடுத்த கைகளே நூல்களை வாழவைத்தன. படியெடுப்போர் கண்ணயர்ந்தவிடத்துப் பிழை புகுந்தது. அப்பிழை பின்வந்த படிகளிலெல்லாம் தொடர்ந்து சென்றது.

உயிர்களின் உடலிலும் இத்தகைய சுவடி ஒன்று உண்டு. மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஓயாது அழிந்து புதுப்பிக்கப்படுகின்றன. எலும்பின் உள்ளே உள்ள மச்சை ஒரு நொடியில் ஏறத்தாழ 20 இலட்சம் குருதிச் சிவப்பணுக்களை ஆக்குகின்றது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன், தன்னுள் உள்ள சுவடியைப் படியெடுத்தாக வேண்டும். ஒரு படி ஒரு மகவுக்கும், மற்றொரு படி மற்றொரு மகவுக்கும் உரியதாகும். அச்சுவடியின் பெயர் டி.என்.ஏ. என்பது. அது கட்டப்பட்டிருக்கும் முறையையும், நொதிகள் அதனைப் படியெடுக்கும் முறையையும், கதிர்வீச்சு அவ்வேலையைக் கெடுக்கும் முறையையும் அறிவது இன்றைய மாந்தர்க்கு இன்றியமையாதது.

சுவடியின் எழுத்து

1869 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டினரான பிரெடரிக் மீஷர் என்பார், செர்மனியில் உள்ள டியூபிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டிக் கழித்த துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்து, அதில் உள்ள உயிரணுக்களின் உட்கருவிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தார். பிறர் அருவருக்கும் சீழிலிருந்து அவர் பெற்ற அப்பொருளே டி.என்.ஏ. ஆகும். அதன் பெருமை அப்போது எவருக்கும் புலப்படவில்லை.

அதன் வடிவம் 1953 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ரோசலிண்டு பிராங்ளின் என்னும் அம்மையார் எக்ஸ் கதிர்களைக் கொண்டு எடுத்த படங்கள் பெருந்துணை புரிய, ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ. இரு புரிகளால் முறுக்கப்பட்ட கயிறு போன்றது எனக் காட்டினர். ஒவ்வொரு புரியிலும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்கள் வரிசையாக அமைந்துள்ளன. இந்நான்குமே உயிர்ச் சுவடியின் எழுத்துகள். ஒரு புரியில் அடினைன் நிற்குமாயின், அதற்கு எதிரே மற்றப் புரியில் தைமின் நிற்கும். குவானைன் நிற்குமாயின் எதிரே சைட்டோசின் நிற்கும். ஆதலின், ஒரு புரியை மட்டும் அறிந்தாலே மற்றப் புரியை எழுதிவிடலாம். படியெடுத்தற்கு ஏற்ற வகையில் இயற்கையே இச்சுவடியை அமைத்துள்ளது.

மனிதனின் ஓர் உயிரணுவில் உள்ள சுவடியில் ஏறத்தாழ 600 கோடி எழுத்திணைகள் உள்ளன. தந்தையிடமிருந்து பெற்றவை 300 கோடி. தாயிடமிருந்து பெற்றவை 300 கோடி. இவை 46 குரோமோசோம்களாகப் பகுக்கப்பட்டுள்ளன.

சுவடிக் கட்டு

ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். அதன் பருமனோ, ஒரு மில்லிமீட்டரை ஐந்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே. இத்துணை நீளமுடைய நூலிழை, பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கினும் சிறிதான உட்கருவினுள் அடங்கியிருக்கின்றது. சிக்கலின்றி அடங்குதல் எங்ஙனம்?

நெசவாளர் நூலை அப்படியே குவித்து வைப்பதில்லை; கண்டுகளில் சுற்றி வைப்பர். உயிரணுவும் அதனையே செய்கின்றது. ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு ஒன்று கூடி ஒரு சிறு உருளையாகின்றன. அவ்வுருளையைச் சுற்றி டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றேமுக்காற் சுற்று சுற்றிக்கொள்கின்றது. ஒரு சுற்றுக் கட்டில் 147 எழுத்திணைகள் அடங்கும். பின்னர்ச் சிறிது இடைவெளி. பின்னர் அடுத்த உருளை. இங்ஙனம் நூலில் மணி கோத்தாற்போல் உருளைகள் தொடர்ந்து செல்கின்றன. ஒவ்வோர் உருளைக் கட்டிற்கும் நியூக்ளியோசோம் என்பது பெயர். மனித உயிரணு ஒன்றில் இவை ஏறத்தாழ 3 கோடி உள்ளன. டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த இவ்வமைப்பு முழுவதையும் குரோமாட்டின் என்பர். சாயம் தோய்த்தபோது உட்கருவினுள் நன்கு நிறம் பற்றிய பகுதி இதுவாதலின், செர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார்.

ஹிஸ்டோனை 1884 ஆம் ஆண்டிலேயே ஆல்பிரெக்ட் கோசல் என்பார் கண்டறிந்தார். ஆயினும், மணிமாலை போன்ற அமைப்பு புலப்பட மேலும் 90 ஆண்டுகள் சென்றன. 1974 இல் ஆடா ஓலின்சும் டொனால்டு ஓலின்சும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட மணிகளின் படத்தை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ரோஜர் கோர்ன்பர்க் அம்மணியின் உள்ளமைப்பை விளக்கினார்.

கட்டு எங்கும் ஒரு தன்மையதாக இராது. சில பகுதிகள் நெகிழ்ந்தும், சில பகுதிகள் இறுகியும் இருக்கும். 1928 இல் எமில் ஹைட்ஸ் என்பார் இவ்வேறுபாட்டைக் கண்டு பெயரிட்டார். அடிக்கடி பயன்படும் ஏடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பயன்படாத ஏடு பெட்டிக்குள் கட்டிக் கிடக்கும். அங்ஙனமே, உயிரணு அடிக்கடி படிக்கும் பகுதிகள் நெகிழ்ந்திருக்கின்றன. படிக்காத பகுதிகள் இறுகிக் கிடக்கின்றன.

படியெடுக்கும் நொதி

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் எழுத்தர் யார்? ரோஜரின் தந்தையாரான ஆர்தர் கோர்ன்பர்க், அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் குடல்வாழ் பாக்டீரியாக்களை நசுக்கி, அவற்றின் சாற்றிலிருந்து 1956 இல் அதனைக் கண்டறிந்தார். அது டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. இதற்காக 1959 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தந்தை எழுத்தரைக் கண்டார். மகன் சுவடிக் கட்டைக் கண்டார்.

படியெடுக்கும் வேலை பல நொதிகளின் கூட்டுறவால் நடைபெறுகின்றது. முதலில் ஹெலிகேஸ் என்னும் நொதி முறுக்கை அவிழ்த்து இரு புரிகளையும் பிரிக்கின்றது. பிரிந்த புரி ஒவ்வொன்றும் மூல ஏடாக நிற்கின்றது. பாலிமரேஸ் மூலத்தின் எழுத்தைப் பார்த்து, அதற்கு இணையான எழுத்தைக் கொணர்ந்து பொருத்திக்கொண்டே செல்கின்றது. வேலை முடிந்தபின் ஒரு கயிற்றிலிருந்து இரு கயிறுகள் தோன்றும். ஒவ்வொன்றிலும் ஒரு புரி பழையது, மற்றொன்று புதியது. இவ்வுண்மையை 1958 இல் மெசல்சனும் ஸ்டாலும் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தனர்.

பாலிமரேஸ் எழுதுவதோடு அமையாது, எழுதியதைச் சரியும் பார்க்கின்றது. தவறான எழுத்து பொருந்திவிட்டால், ஓரடி பின்வாங்கி அதனை வெட்டி எறிந்துவிட்டுச் சரியான எழுத்தை வைக்கின்றது. அதன் கண்ணுக்கும் தப்பிய பிழைகளைப் பின்தொடர்ந்து வரும் வேறு சில புரதங்கள் திருத்துகின்றன. முடிவில் நூறு கோடி எழுத்துகளில் ஒரு பிழை எஞ்சுவதும் அரிதாகின்றது. மனிதர் கைப்படப் பெயர்த்தெழுதிய சுவடி எதுவும் இத்தகைய திருத்தத்தைப் பெற்றதில்லை.

ஒகாசாகி துண்டுகள்

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. டி.என்.ஏ.யின் இரு புரிகளும் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் செல்பவை. பாலிமரேசோ ஒரு திசையில் மட்டுமே எழுத வல்லது. அங்ஙனமாயின், முறுக்கு அவிழும் திசைக்கு மாறாகச் செல்லும் புரி எவ்வாறு படியெடுக்கப்படும்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள் சப்பான் நாட்டில் நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெய்ஜி ஒகாசாகி என்பாரும் அவர்தம் துணைவியார் சுனேகோ ஒகாசாகி அம்மையாரும் ஆவர். பாக்டீரியாக்களுக்குக் கதிரியக்கமுடைய தைமிடினைச் சில நொடிகள் மட்டும் ஊட்டினர். அந்நொடிகளில் புதிதாக எழுதப்பட்ட பகுதி எதுவோ அதுவே கதிர் வீசும். ஆதலின் எளிதில் இனங்காணப்படும். அப்புதிய பகுதிகள் நீண்ட இழைகளாக இல்லாமல், ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக இருக்கக் கண்டனர். 1968 இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. ஒரு புரி தொடர்ச்சியாக எழுதப்படுகின்றது. மற்றப் புரி துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதப்படுகின்றது. பின்னர் லிகேஸ் என்னும் நொதி அத்துண்டுகளைத் தைத்து ஒன்றாக்குகின்றது. இவை இன்று உலகெங்கும் ஒகாசாகி துண்டுகள் என்றே வழங்கப்பெறுகின்றன.

மனித உயிரணுவில் இத்துண்டுகள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு முதல் இருநூறு எழுத்து நீளமே உடையது. ஒரு நியூக்ளியோசோமுக்கு உரிய நீளமும் ஏறத்தாழ அதுவே. இவ்வொற்றுமை தற்செயலன்று. புதிதாக எழுதப்பட்ட பகுதியில் உருளைகள் உடனுக்குடன் வந்து அமர்கின்றன. அவ்வுருளைகளே துண்டின் எல்லையை வரையறுக்கின்றன என்பது ஈஸ்டு என்னும் நுண்காளானை ஆராய்ந்து 2012 இல் வெளியிடப்பட்ட முடிபு. கட்டு முறைக்கும் எழுத்து முறைக்கும் உள்ள உறவு இதனால் விளங்கும்.

அவிழ்த்தலும் கட்டுதலும்

கட்டிய சுவடியைப் படியெடுக்க வேண்டின், கட்டை அவிழ்த்தல் வேண்டும். முன்செல்லும் ஹெலிகேஸ் வழியில் உள்ள உருளைகளைப் பெயர்க்கின்றது. பெயர்த்த உருளைகள் வீணாவதில்லை. துணைப் புரதங்கள் அவற்றை ஏந்திச் சென்று, புதிதாகத் தோன்றிய இரு கயிறுகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. போதாத உருளைகளுக்காகப் புதிய ஹிஸ்டோன்கள் அதே நேரத்தில் ஆக்கப்படுகின்றன. பழைய ஹிஸ்டோன்களில் உள்ள வேதியியல் அடையாளங்கள், இப்பகுதி நெகிழ்ந்திருக்கத் தக்கது, இப்பகுதி இறுகியிருக்கத் தக்கது என்னும் குறிப்பைப் புதிய படிக்கும் கொண்டு செல்கின்றன. எனவே, எழுத்து மட்டுமன்றிக் கட்டும் படியெடுக்கப்படுகின்றது.

இவ்வேலைக்குக் காலம் வேண்டும். கட்டு எளிதாக உள்ள பாக்டீரியாவில் பாலிமரேஸ் நொடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்துகள் எழுதும். மனித உயிரணுவிலோ நொடிக்கு ஐம்பது எழுத்தளவே எழுதும். மனிதனின் மிகப் பெரிய குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்திணைகள் உள்ளன. அதன் நடுவே ஓரிடத்தில் தொடங்கி இருபுறமும் எழுதிச் சென்றால், முடிக்க ஒரு திங்கள் அளவாகும். ஆனால், மனித உயிரணு தன் சுவடி முழுவதையும் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் படியெடுத்து விடுகின்றது. பல்லாயிரம் இடங்களில் பல்லாயிரம் எழுத்தர்கள் பணி தொடங்குவதே இதற்குக் காரணம். நெகிழ்ந்த பகுதிகள் முதலிலும், இறுகிய பகுதிகள் இறுதியிலும் படியெடுக்கப்படுகின்றன.

கதிர்வீச்சின் தாக்குதல்

இத்துணை ஒழுங்காக நடைபெறும் வேலைக்குக் கதிர்வீச்சுப் பெரும்பகையாக வந்து வாய்க்கின்றது. 1927 இல் ஹெர்மன் முல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் பழ ஈக்களின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார். அவ்வீக்களின் வழித்தோன்றல்களில் மரபு மாற்றங்கள் பன்மடங்கு பெருகின. கதிர்வீச்சு உயிர்ச் சுவடியின் எழுத்தை மாற்றவல்லது என்பது அதனால் தெளிவாயிற்று.

எக்ஸ் கதிரும், காமாக் கதிரும் உயிரணுவை இருவழியில் தாக்குகின்றன. ஒன்று, நேரே டி.என்.ஏ.வின்மீது பாய்ந்து அதனை முறித்தல். மற்றொன்று, உயிரணுவில் நிறைந்துள்ள நீரைப் பிளத்தல். பிளந்த நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் நிலைகொள்ளாத துணுக்குகள் தோன்றி, அருகில் உள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. எக்ஸ் கதிர் இழைக்கும் கேட்டில் மூன்றில் இருபங்கு இவ்வாறு நீரின் வழியே வருவது. கதிர்வீச்சை அளக்கும் கிரே என்னும் அளவையில் ஓரளவு கதிர் பாயின், ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 1000 இடங்களில் ஒற்றைப் புரி முறியும். 20 முதல் 40 இடங்களில் இரு புரிகளும் ஒருங்கே முறியும். ஒரு புரி முறியின் மற்றப் புரியைப் பார்த்துச் சீர்செய்யலாம். இரு புரியும் முறியின் பார்த்தெழுத ஏடில்லை. ஆதலின், இவ்விரட்டை முறிவே கொடியது.

படியெடுக்கும் நொதி அவ்விடத்தை வந்தடையும்போது கேடு இன்னும் பெருகுகின்றது. ஒற்றைப் புரி முறிந்து, சீர்செய்யப்படாமல் கிடக்குமாயின், முன்னேறி வரும் எழுத்தர் கூட்டம் அங்கே மோதி, அதனை இரட்டை முறிவாக்கிவிடும். குவானைன் என்னும் எழுத்து ஹைட்ராக்சில் துணுக்கால் உருமாறுமாயின், பாலிமரேஸ் அதனைத் தவறாகப் படித்து, சைட்டோசினுக்கு மாறாக அடினைனை எதிரே வைத்துவிடக்கூடும். அடுத்த படியில் அப்பிழை நிலைபெற்று விடும். செல்லரித்த எழுத்தைத் தவறாக ஊகித்து எழுதியதனால் பாடவேறுபாடு பிறப்பதும் இத்தன்மையதே.

ஞாயிற்றின் புறஊதாக் கதிர் செய்யும் கேடு வேறு வகையானது. அது புரியை முறிப்பதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின்களை ஒன்றாகப் பிணைத்து விடுகின்றது. ஒட்டிக்கொண்ட இரண்டெழுத்தைப் படிக்கவியலாது வழக்கமான பாலிமரேஸ் திகைத்து நிற்கும். அப்போது அதற்கு மாற்றாக வேறொரு பாலிமரேஸ் வந்து, எதிரே இரு அடினைன்களை வைத்து இடரைக் கடந்து செல்கின்றது. இந்நொதி 1999 இல் அறியப்பட்டது. இது பிறவியிலேயே இல்லாதவர்கள் வெயிலில் நடமாடின், இளமையிலேயே தோற்புற்றுநோய்க்கு ஆளாவர்.

கட்டு தரும் காவல்

டி.என்.ஏ. ஹிஸ்டோன் உருளையில் சுற்றப்பட்டிருப்பது இடத்தைச் சுருக்குவதற்காக மட்டுமன்று. அக்கட்டு கதிர்வீச்சுக்குக் கவசமாகவும் அமைகின்றது. புரதம் நீக்கப்பட்ட வெற்று டி.என்.ஏ.வில் உண்டாகும் முறிவுகளைவிட, இறுகிய குரோமாட்டினில் உண்டாகும் முறிவுகள் பன்மடங்கு குறைவு. இறுகிய கட்டினுள் நீர் புக இடம் சிறிதாதலின் ஹைட்ராக்சில் துணுக்குகளும் அங்கே சிலவே தோன்றும். தோன்றியவற்றுள் பலவற்றை ஹிஸ்டோன்கள் தம்மீது தாங்கிக்கொள்ளும்.

ஆயினும் ஒன்றில் உள்ள நன்மையே மற்றொன்றில் தீமையாதல் உண்டு. இறுகிய கட்டினுள் முறிவு நேர்ந்துவிடின், பழுது நீக்கும் புரதங்களும் எளிதில் உட்புக இயலாது. ஆதலின் அங்கே பழுது நீங்கக் காலம் மிகும். நெகிழ்ந்த கட்டு அடிபடுதல் மிகுதி, ஆறுதலும் விரைவு. இறுகிய கட்டு அடிபடுதல் குறைவு, ஆறுதலோ தாமதம்.

பாசியிலும் ஈரமண்ணிலும் வாழும் நீர்க்கரடி என்னும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர், மனிதரைக் கொல்லும் கதிர்வீச்சைப் பல நூறு மடங்கு தாங்க வல்லது. சப்பானிய அறிஞர் 2016 இல் அதன் உடலில் ஒரு தனிப் புரதத்தைக் கண்டறிந்தனர். அப்புரதம் நியூக்ளியோசோம்களைப் போர்த்திக்கொண்டு டி.என்.ஏ.வைக் காக்கின்றது. அதனை மனித உயிரணுக்களில் ஆய்வகத்தே புகுத்தியபோது, எக்ஸ் கதிரால் வரும் முறிவுகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தன.

நிறுத்தமும் திருத்தமும்

கேடு நேர்ந்தவுடன் உயிரணு முதற்கண் செய்வது படியெடுக்கும் வேலையை நிறுத்துவதேயாகும். ஏ.டி.எம். என்னும் நொதி இரட்டை முறிவை உணர்ந்து செய்தி பரப்புகின்றது. இன்னும் தொடங்காத இடங்களில் எழுத்தர்கள் வேலை தொடங்காது தடுக்கப்படுகின்றனர். முறிவைச் சூழ்ந்த பல இலட்சம் எழுத்து நீளத்திற்கு ஹிஸ்டோன் உருளைகளில் ஓர் அடையாளம் பொறிக்கப்படுகின்றது. 1998 இல் அறியப்பட்ட இவ்வடையாளம், பழுது இவ்விடத்தது என்று காட்டும் கொடியாக நின்று பழுது நீக்கிகளை அழைக்கின்றது.

ஏ.டி.எம். நொதி குறைபட்ட மக்களும் உளர். அவர்தம் உயிரணுவில் கதிர் பாய்ந்தாலும் படியெடுக்கும் வேலை நிற்பதில்லை. வேலை நில்லாமையால் அவ்வுயிரணு வலிமையுடையது போலத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. பழுதோடு எழுதிய படி பழுதே ஆதலின், அவர்கள் கதிர்வீச்சினால் பெரிதும் துன்புறுவர். புற்றுநோய்க்கும் எளிதில் ஆளாவர். தக்க நேரத்தில் நிற்றலும் ஒரு வினையே என்பதை இது காட்டுகின்றது.

வேலை நின்றபின் திருத்தம் தொடங்குகின்றது. இரட்டை முறிவை உயிரணு இருவழியில் சீர்செய்யும். முறிந்த முனைகளை அப்படியே ஒட்டுதல் ஒன்று. இது விரைவானது, ஆயினும் சில எழுத்துகள் இழக்கப்படலாம். முன்னரே எழுதி முடித்த மற்றொரு படியோடு ஒப்புநோக்கி, இழந்ததை நிரப்புதல் மற்றொன்று. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் துணியும் பதிப்பாசிரியர் முறை இது. பழுது நீக்கும் முறைகளை விளக்கியமைக்காக லிண்டால், மோட்ரிச், சங்கார் என்னும் மூவர்க்கும் 2015 இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. திருத்தவே இயலாத அளவு பழுது நேர்ந்தால், உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். அங்ஙனம் மாயாது பிழையோடு பெருகும் உயிரணுவே புற்றுநோய்க்கு வித்தாகின்றது.

படையும் மருந்தும்

1945 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் மாண்டவர் போக, உயிர் தப்பியவரின் எலும்பு மச்சையிலும் கதிர்வீச்சு நுழைந்திருந்தது. ஓயாது படியெடுக்கும் இடம் அம்மச்சையே. சில ஆண்டுகளுக்குள் அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்தது. அதிலும் அன்று சிறுவராயிருந்தவரிடையே மிகுதியாகத் தோன்றியது.

படியெடுக்கும் துண்டுகளைக் கண்டறிந்த ரெய்ஜி ஒகாசாகி பிறந்த ஊர் ஹிரோஷிமாவே. குண்டு விழுந்தபோது அவருக்கு வயது 14. அக்கதிர்வீச்சுக்கு ஆளான அவர், இரத்தப் புற்றுநோயால் 1975 இல் தம் 44 ஆம் வயதில் மறைந்தார். டி.என்.ஏ. எழுதப்படும் முறையை உலகிற்கு விளக்கியவரின் உடலிலேயே அவ்வெழுத்துப் பிறழ்ந்தது. எனினும் அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சுனேகோ அம்மையார் ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். ஒவ்வோர் ஒகாசாகி துண்டின் தொடக்கத்திலும் ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளாலான சிறு முன்னிழை உள்ளது என்பதை அவரும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். 2021 இல் சப்பானிய அரசு தன் பண்பாட்டு விருதை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது.

கதிர்வீச்சு கொல்வதற்கு மட்டுமே உரியதன்று. விரைந்து பிரியும் உயிரணுக்களே கதிர்வீச்சால் மிகுதியும் தாக்குண்பவை என்பதை 1906 இலேயே பிரெஞ்சு மருத்துவர் பெர்கோனியே, டிரிபோண்டோ என்னும் இருவரும் கூறினர். புற்றுநோய்க் கட்டியின் உயிரணுக்கள் அடங்காது பிரிபவை. பழுது நீக்கும் ஆற்றலிலும் பலவாறு குறைபட்டவை. ஆகவே மருத்துவர் கதிரைச் சிறிது சிறிதாகப் பல நாள் பகுத்துப் பாய்ச்சுகின்றனர். இடைப்பட்ட நேரத்தில் நல்ல உயிரணுக்கள் தம் பழுதைத் திருத்திக்கொள்ளும். கட்டியின் உயிரணுக்கள் திருத்தமாட்டாது அழியும். ஒகாசாகி தம்பதியர்க்கு ஆய்வுக் கருவியாக உதவிய கதிரியக்கமும் இத்தகையதே.

மண்ணிலும் விண்ணிலும் இயற்கையாகவே சிறிது கதிர்வீச்சு உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதனால் அங்கு அது சற்று மிகுதி. இவ்வியற்கைக் கதிருக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கவே உயிரணு தன் பழுது நீக்கும் படையை ஓயாது நிறுத்தி வைத்துள்ளது. அப்படையின் ஆற்றல் பெரிது, ஆயினும் அளவுடையது. அவ்வளவைக் கடவாமற் காப்பதற்காகவே, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் அறையில் ஈய மேலாடை அணியப்படுகின்றது. பணியாற்றுவோர் தடித்த சுவருக்குப் பின்னே நிற்கின்றனர். தேவையின்றிப் படம் எடுத்தல் ஆகாது என மருத்துவர் கூறுகின்றனர்.

பழைய ஏட்டைப் படியெடுத்தவர் பெயர் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. அவர்தம் உழைப்பின்றேல் நூலும் இல்லை. கோடிக்கணக்கான உயிரணுக்களில் இரவும் பகலும் அவிழ்த்தும், எழுதியும், திருத்தியும், மீண்டும் கட்டியும் வரும் நொதிகளின் உழைப்பும் அத்தகையதே. அவ்வுழைப்பை உணர்ந்தோர், கதிரென்னும் ஆற்றலை நோய் தீர்க்கவும் உண்மை காணவும் அளவறிந்து கையாள்வர். ஊரழிக்கும் படையாக அதனை ஏவுதல் ஒருநாளும் ஒவ்வார்.